எதிர்த்தவர்: திரு. தியாகராசா

தியாகராசா ஐயா எங்கள் சங்கத்தில் இருந்த காலத்தில், எதிர்ப்புக்குக் கை உயர்த்தாத கூட்டம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கூட்டத்தின் அறிக்கையை எழுதியவள் நான். மற்ற நாளெல்லாம் ஏன் உயர்த்தினார், அன்றைக்கு ஏன் உயர்த்தவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டதாகக் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை. தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன்.

கனடாவின் மொன்ட்ரியால் பக்கம், பியர்பொன்ட்ஸில் எங்கள் தமிழ் முதியோர் சங்கம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடும். எனக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. முதியோர் என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. ஆனால் தமிழும் பிரெஞ்சும் எழுதத் தெரிந்தவள் என்று சொல்லிச் செயலாளர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கிழமை நாட்களில் கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எழுபது வயதுப் பிள்ளைகளை. சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் ஆட்கள் சங்கம் நடத்தும் முறை எல்லாருக்கும் தெரியும். ஒருவர் பிரேரிப்பார், ஒருவர் வழிமொழிவார், மற்றவர்கள் கும்பலில் கோவிந்தா போடுவார்கள், செயலாளர் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதுவார். நித்திரை கொண்டவரும் அந்த ஏகமனதுக்குள் அடக்கம். வாய்க்குள் முணுமுணுத்தவரும் அடக்கம். ஊரில் வாசிகசாலை, கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் என்று பழகிய பழக்கம், கடல் தாண்டியும் எங்களை விடவில்லை. கதிரை தூக்கி அடிபட்ட கூட்டத்தின் அறிக்கையிலும் ஏகமனதாக என்றுதான் இருக்கும்.

தியாகராசா ஐயா வந்து சேர்ந்தது 2004 வைகாசியில். எழுபத்தெட்டு வயது, தபால்கந்தோரில் எழுத்தராக, லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர், மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மகள் பிரஷாந்தினியோடு இருந்தார். முதல் கூட்டத்திலேயே, ஆடி மாதம் பூங்காவுக்குப் போய் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவதென்று தீர்மானம் வந்தது. எல்லாக் கையும் மேலே போய்க் கீழே வந்தது. பிறகு ஒரு கை மட்டும் மேலே போனது.

"எனக்கு உடன்பாடில்லைப் பிள்ளை. என்ர பேரைப் போட்டு எழுதும்" என்றார்.

ஏன் என்று கேட்டோம். வெயில் என்றார். சரி, வயதான மனிதர், எழுதினேன். அடுத்த மாதம் தேநீர் வேளையை அரைமணி முந்தி வைப்பதற்கும் உடன்பாடில்லை. பிறகு டிசம்பரில் நத்தார் விழாவுக்கும் இல்லை, பொங்கல் விழாவுக்கும் இல்லை. சரி, தலைவர் பதவி வேண்டுமாக்கும் என்று அவர் பெயரையே பிரேரித்துப் பார்த்தோம். அதற்கும் உடன்பாடில்லை என்று கை உயர்த்தினார். எங்கள் உறுப்பினர் அருளம்பலம் காலமானபோது அனுதாபத் தீர்மானத்திற்கும் எழுந்துவிட்டார். அருளம்பலத்தின் மனைவி முன்வரிசையில் இருந்தா. ஐயாவோ, 'அமைதியான மனிதர்' என்று எழுத வேண்டாம், அவர் நல்ல சண்டைக்காரர், அதுதான் தனக்கு அவரில் பிடித்தது என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அந்த மனுசி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தா.

சங்கத்தில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். மனைவி போன பிறகு மனம் பிசகிவிட்டது என்றார்கள். பழைய கம்யூனிஸ்ட் என்றார்கள். தலைவர் சண்முகலிங்கம் கொழும்பில் வங்கி முகாமையாளராக இருந்தவர். "ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்" என்று அவரை நேரே பார்த்துச் சொல்லுவார். ஐயா தலையாட்டிக் கேட்பார், அடுத்த தீர்மானத்துக்கும் கை உயர்த்துவார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவரால் ஒவ்வொரு மாதமும் எனக்கு இரண்டு வரி கூட எழுத வேண்டியிருந்தது.

பிரஷாந்தினிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அதனால் கூட்டம் முடிய ஐயாவை என் காரில் கொண்டுபோய் விடுவது வழக்கமாகிவிட்டது. பதினைந்து நிமிட ஓட்டம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவர் ஒரு கட்சியைப் பற்றிச் சொல்லுவார். தான் லிபரல் என்று முதலில் சொன்னபோது, கனடாக் கட்சியைச் சொல்கிறார் என்று நினைத்து, போன தேர்தலில் நானும் அவர்களுக்குத்தான் போட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இது வேறை, கண்டியில் இருந்தது, இப்போது இல்லை என்றார்.

மத்திய மாகாண லிபரல் கட்சி. பெயர் பெரிது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த மாதம், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் தொடங்கினார்களாம். ஒரு ஞாயிறு பதினொரு பேர் தொடங்கினோம் என்பார், இன்னொரு ஞாயிறு பதினான்கு பேர் என்பார். ஒருமுறை தான் தொடக்க உறுப்பினர் என்பார், மறுமுறை தான் கதிரை அடுக்கப் போனவன் என்பார். சிங்கள டாக்டர் ஒருவர், பறங்கி ஆசிரியர் ஒருவர், மாணிக்கக்கல் வியாபாரம் செய்த முஸ்லிம் ஒருவர், யாழ்ப்பாணத்து லிகிதர்கள் ஐந்தாறு பேர், எல்லாருக்கும் மேலே தலைவராக ஒரு அப்புக்காத்து, கோட்டில் வழக்குப் பேசுகிறவர். இருபத்திரண்டு வயதில் இவர் அறிக்கைச் செயலாளர். நாடு இப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருக்கிறது, ஒவ்வொரு மனிதனுடைய வாயும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. கட்சி யாப்பின் முதலாவது விதியைத் தட்டச்சு செய்தது தான்தான் என்று பல தடவை சொன்னார். ஒருவர் மட்டும் மாறுபட்டாலும் அவருடைய சொல்லைப் பெயரோடு எழுத வேண்டும் என்பது அந்த விதி.

"அப்ப அந்தக் கட்சிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் வீடு வந்துவிடும். அல்லது வீடு வந்துவிட்டது என்று அவர் சொல்லிவிடுவார். நகரசபையில் ஒரு வட்டாரத்தில் போட்டியிட்டுத் தோற்றார்கள், தலைவர் ஆளுங்கட்சிக்குப் போனார், நான்கு வருடத்தில் மூடிவிட்டார்கள். இவ்வளவும் எனக்குத் துண்டுதுண்டாகக் கிடைத்தது. நான்கு வருடக் கட்சியை ஒரு மனிதர் ஏன் ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சுமக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

இப்போது சிவநேசம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தேழு வயது, தனி மனுசி. முன்பு சகோதரியின் மகளான பெறாமகளோடு பியர்பொன்ட்ஸில் இருந்தவ. பெறாமகள் வாடகை மலிவென்று மொன்ட்ரியால்-நோருக்குப் போக, அக்காவும் போக வேண்டியதாயிற்று. ஆனாலும் சங்கத்தை விடவில்லை. இரண்டு பஸ், ஒரு மெட்ரோ, ஒன்றரை மணித்தியாலம். வரும்போது ஒரு பேணி நிறையத் தட்டைவடை கொண்டுவருவா. வந்ததும் குசினிக்குள் போய்த் தேநீர் போடுவா. அவவின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. மனிதாபிமான அடிப்படையில் இன்னொரு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தா. மாதத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தன்னை ஆரும் ஒன்றும் கேட்காத நாள் என்று ஒருமுறை எனக்குச் சொன்னா.

2005 ஐப்பசியில் மண்டபத்தை இலவசமாகப் பெறுவதற்கு நகர அலுவலகத்தின் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டி வந்தது. உறுப்பினர்களின் பெயரும் விலாசமும் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். சண்முகலிங்கம் அதை நாலைந்து தடவை வாசித்துப் பயந்துபோனார். பெயர்ப் பட்டியல் எங்கே எல்லாம் போகுமோ, நிரந்தரக் கடதாசி இல்லாத ஒருவரின் பெயர் இருந்தால் சங்கத்துக்கும் பிரச்சினை, அவவுக்கும் பிரச்சினை என்றார். வதிவிட உரிமையோ குடியுரிமையோ உள்ளவர்கள்தான் இனி உறுப்பினர் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவவின் நன்மைக்காகத்தான் என்று மூன்று தடவை சொன்னார். சிவநேசம் அக்கா தேநீர் போடக் குசினிக்குள் போகும்வரை காத்திருந்துதான் சொன்னார். குரலையும் தணித்துக்கொண்டார்.

படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை என்று எனக்குத் தெரியும். நிரப்பியவளே நான்தான். வாயைத் திறந்தேனா? இல்லை. சிவராசா என்று ஒருவர் வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன. எண்ணினேன், இருபத்தாறு. எதிர்ப்பவர்கள் என்று கேட்டதும் வழக்கமான அந்த ஒரு கை உயர்ந்தது.

மண்டபம் சிரித்தது. கோபமான சிரிப்பில்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு. ஓம் ஓம், ஐயாவின்ரை கை வந்திட்டுது என்று யாரோ சொன்னார்.

தியாகராசா ஐயா எழுந்து நின்றார். "இது மற்றதுகள் மாதிரி இல்லை. தயவுசெய்து கேளுங்கோ."

"ஐயா, நீங்கள் ஒவ்வொருக்காவும் இதைத்தானே சொல்லுறியள்" என்றார் சண்முகலிங்கம்.

அது உண்மை. தேநீர் வேளையை மாற்றியபோதும் அவர் இதையேதான் சொன்னார். புலி வருது, புலி வருது என்று கத்தினவனின் கதைதான். ஐயா இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார், ஒருவரும் கேட்கவில்லை. மெதுவாக இருந்துவிட்டார். அதற்குள் சிவநேசம் அக்கா தட்டோடு வந்து, வழக்கம்போல முதல் கோப்பையை அவருக்குத்தான் கொடுத்தா. அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அன்று காரில் ஏறியதும் அவர் கேட்டார்: "பிள்ளை, நீர் எந்தப் பக்கம் கை உயர்த்தினீர்?"

"நான் எழுதிக்கொண்டிருந்தனான் ஐயா."

அவர் இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினார். பிறகு, "நானும் எழுதிக்கொண்டுதான் இருந்தனான்" என்றார்.

வீடு வந்தது. அவர் இறங்கவில்லை. நான் எஞ்சினை நிறுத்தினேன். நாற்பத்தெட்டாம் ஆண்டு ஆவணி மாதத்தைப் பற்றிச் சொன்னார். அரசாங்கம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்த நேரம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக வேலை செய்த லட்சக்கணக்கான தமிழரை நாடில்லாதவர்களாக்கப்போகிற சட்டம். கட்சி கூடியது. கட்சியில் அங்கமுத்து என்று ஒருவர் இருந்தார், தோட்டப் பாடசாலை ஆசிரியர், மலையகத்திலிருந்து வந்த ஒரே உறுப்பினர். அப்புக்காத்துத் தலைவர், இப்போது ஆதரித்தால் அரசாங்கம் எங்களுக்குக் காது கொடுக்கும், பிறகு திருத்தலாம் என்றார். அங்கமுத்து எழுந்து பத்து நிமிடம் பேசினார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பறங்கி ஆசிரியர் அவருக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தாராம். பிறகு எல்லாரும் கை உயர்த்தினார்கள், அங்கமுத்துவையும் எழுதிக்கொண்டிருந்த செயலாளரையும் தவிர.

இந்த அறிக்கை பத்திரிகைக்குப் போவது, ஏகமனதாக என்று போடும் என்றார் தலைவர். இவர் போட்டார். முதலாவது விதியைத் தட்டச்சு செய்த அதே கை. சமுகமளித்தவர்களின் பெயர்களையும் கீழே எழுதினார். பத்திரிகையில் அங்கமுத்துவின் பெயரும் வந்தது. தோட்டத்து ஆட்கள் அதைப் பார்த்தார்கள்.

"பேந்து ஒருநாள் அங்கமுத்து தபால்கந்தோருக்கு வந்தான். நான் கவுண்டரில நிக்கிறன். 'தம்பி, நான் ஒத்துக்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, எங்க ஆளுங்களுக்குக் காட்டணும்' எண்டான். அறிக்கை உறுதிப்படுத்தியாச்சு, இனி மாத்தேலாது எண்டு சொன்னன். ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு போனான்."

அங்கமுத்து பிறகு இந்தியாவுக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னாராம், மலையகத்திலேயே, அட்டனில் கடை வைத்திருந்ததாக இன்னொருவர் சொன்னாராம். எது சரியென்று இவருக்குத் தெரியாது. கட்சியை மூடுவதற்குக் கடைசியாகக் கூடிய நான்கு பேரும் அதையும் ஏகமனதாகத்தான் தீர்மானித்தார்களாம். அதைச் சொல்லி அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவையள் எல்லாரும் கெட்ட ஆக்களே ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. நான் வாழ்க்கையில கண்ட மெத்த நல்ல ஆக்கள். அரசாங்கம் எங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை. நாங்களாய்த்தான் எழுதி அனுப்பினது."

அந்தப் பதில் என்னைக் குழப்பியதுபோல வேறொன்றும் குழப்பியதில்லை. கெட்டவர்கள் என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். எந்தக் கூட்டத்திலும் ஏகமனதாக என்ற சொல் விழக்கூடாது என்பதற்காக இந்த மனிதர் பூங்காவுக்கும் பொங்கலுக்கும் கை உயர்த்தியிருக்கிறார். அப்படி உயர்த்தி உயர்த்தியே, வேண்டிய நாளில் அந்தக் கையைப் பெறுமதியில்லாமல் ஆக்கிவிட்டார். இதைக் கெட்டித்தனம் என்பதா, விசர் என்பதா? அவரிடம் கேட்கவும் மனம் வரவில்லை. அவருக்கும் அது அன்றைக்கு விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

அடுத்த கிழமை சண்முகலிங்கம் தொலைபேசி எடுத்தார். அறிக்கையைப் படிவத்தோடு இணைத்து அனுப்பப்போகிறோம், அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் ஏகமனதாக என்று போடச் சொன்னார். ஐயா எல்லாத்துக்கும் எதிர்ப்புத்தானே, அதை ஒரு எதிர்ப்பென்று ஆர் எடுப்பது என்றார். சிவநேசம் அக்காவுக்கு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பும் எனக்குத்தான். நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த கூட்டத்துக்கு வரவேண்டாம், நானே வந்து ஒரு விஷயம் சொல்லுகிறேன் என்று மட்டும் சொன்னேன். குளிர் எண்டு சொல்லுறீரோ, சரி என்றா.

குசினி மேசையில் இருந்து அறிக்கையை எழுதினேன். ஏகமனதாக என்று எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பழகிய சொல் அல்லவா. ஒரு சொல்லால் என்ன வந்துவிடப்போகிறது, தீர்மானம் எப்படியும் நிறைவேறித்தானே விட்டது என்று எனக்கு நானே வழக்காடினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினேன். துணிவு வந்து எழுதினேன் என்று சொல்லமாட்டேன். தபால்கந்தோர்க் கவுண்டரில் நின்று முத்திரை வாங்கிய மனிதர் கண்ணுக்குள்ளேயே நின்றார், அவ்வளவுதான்.

கார்த்திகைக் கூட்டத்தில் வாசித்தேன். "ஆதரவு இருபத்தாறு. எதிர்ப்பு ஒன்று. எதிர்த்தவர்: திரு. தியாகராசா. இந்தத் தீர்மானம் மற்றவற்றைப் போன்றதல்ல என்று அவர் கூறினார். செயலாளர் எந்தப் பக்கமும் கை உயர்த்தவில்லை. நகர அலுவலகப் படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்வி இல்லை."

சண்முகலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் ஒரு சொல்லும் பொய்யில்லை, என்ன செய்வார். அறிக்கை சரியென்று ஏற்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார். ஒவ்வொன்றாக எல்லாக் கையும் உயர்ந்தது, என்னுடையதும்தான். எதிர்ப்பவர்கள் என்று கேட்டுவிட்டுத் தியாகராசா ஐயாவைப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். ஆதரவுக்கு அவரும் உயர்த்தினவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறிக்கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுத வேண்டியதாயிற்று.

மண்டபம் கிடைத்தது. அறிக்கையை அந்த அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவேயில்லை.

தீர்மானம் அப்படியே இருந்தது. தை மாதக் கூட்டத்தில் அதை மறுபடி எடுக்கச் சொல்லி நானே பிரேரிக்கத்தான் யோசித்திருந்தேன். ஆனால் முதலில் அக்காவிடம் போகவேண்டும். அடுத்த சனிக்கிழமை, காரை விட்டுவிட்டு, அவ வருகிற வழியிலேயே இரண்டு பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்து மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். ஏன் அப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போய்ச் சேரக் கால் மரத்துவிட்டது.

மூன்றாம் மாடி. சிவநேசம் அக்கா தேநீர் தந்து, தட்டைவடைப் பேணியையும் எடுத்து வைத்தா. நான் விஷயத்தைச் சொல்லவில்லை, அறிக்கையின் பிரதியைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரிவரியாக வாசித்தா. தன்னைப் பற்றியதுதான் என்று விளங்கியதும் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அழவில்லை. தியாகர் எல்லாத்துக்கும் கை உயர்த்துறவர்தானே, பாவம் மனுசன் என்றா. விரல் அடுத்த வரிக்குப் போனது.

"நீர் ஏன் பிள்ளை ஒரு பக்கமும் உயர்த்தேல்லை?"

எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"பயந்திட்டன் அக்கா."

அவ கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தா. குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டா.

"உமக்கென்ன பயம்? உமக்குப் பேப்பர் எல்லாம் இருக்குத்தானே?"